பரீனா மிதித்த பிரேக்

பிரேக் கட்டியாக இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், தம்பிமாரே, முதலில் அவரை நம்புங்கள். அதற்குப் பிறகு வண்டியைப் பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். அதுவும் தொழிலுக்கு வந்த புதிதில் அல்ல. கற்பிட்டி வீதியில் எந்த வண்டி நின்றாலும் “பாஸைக் கூப்பிடு” என்று கராஜ் வைத்திருந்த என்னைத் தேடிய காலத்தில்.

போன கிழமை கராஜில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குத் தேத்தண்ணி தந்தபோது, உங்களில் ஒருவர் என்னை மூத்த அண்ணனாக வைத்துக் கேட்டீர்கள், “நானா, ஒங்கட காலத்துல செஞ்ச ஆகப் பெரிய வேலை எது?” என்று. களப்புத் தண்ணீருக்குள் இறங்கிய லொறியைத் தூக்கிய கதையைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தீர்கள். அந்தக் கதையை நானே நூறு தரம் சொல்லி, ஒவ்வொரு தரமும் லொறியைக் கொஞ்சம் பெரிதாக்கியும் விட்டேன். அதனால் அன்று சிரித்துச் சமாளித்தேன். உண்மையான பதில் ஒரு பிரேக் பெடல். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது, அப்படியொரு வேலை அது.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்து வீதிகளுக்கெல்லாம் வழுவழுவென்று தார்க் காபட் போட்டிருந்தார்கள். ஆலங்குடாவில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாயும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு வேலையோ வேலை. அதற்கு முன்பு எங்கள் வீதியில் பிரேக் என்பது பெரிய விஷயமே இல்லை. குழிக்குக் குழி வண்டி தானாகவே நிற்கும். காபட் போட்ட பிறகுதான் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். ஓடத் தொடங்கிய பிறகுதான் நிற்கத் தெரிய வேண்டும் என்ற நினைப்பே வந்தது.

பரீனா குறிஞ்சிப்பிட்டிக்காரி. கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் வைத்திருந்தார். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதும் வேனை விற்றுவிடுவார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. அவளோ லைசன்ஸ் எடுத்து, பதினான்கு பிள்ளைகளையும் தானே ஏற்றி இறக்கத் தொடங்கிவிட்டாள். காலையில் வேன், பகலில் வேன், இடையில் வாப்பாவின் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று ஓடித் திரிவாள். பெண்பிள்ளை வேன் ஓட்டுவதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகவும் கதை இருந்தது. ஆனால் அவள் நேரம் தவறியதில்லை, ஆகவே பெற்றோர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு என் கராஜுக்கு வந்தாள்.

“நானா, பிரேக் கட்டியா இரிக்கி. சில நேரம் கல்லுல மிதிக்கிற மாதிரி இரிக்கி.”

அப்போது கராஜில் ஒரு மீன் முதலாளி தன் லொறிக்காகக் காத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அவருடைய மகள்மார் இருவரும் பரீனாவின் வேனில்தான் போகிறார்கள். கையிலிருந்த வேலையை முடிக்க ஒரு மணி நேரமானது; பிறகு அவரையும் இன்னும் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் வேனில் ஏறினேன். பார்வையாளர்கள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த சோதனைதான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தரம் மிதித்தேன். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினேன். பெடல் மெல்லக் கீழே இறங்கியது. அப்படி இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். எஞ்சின் காற்றை உறிஞ்சிக் கொடுக்கிறது, அந்த உறிஞ்சல் நம் காலுக்கு உதவி செய்கிறது. சந்தி வரை ஓட்டிப் போய் ஒரு தரம் பிரேக் பிடித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. திரும்பி வந்து இறங்கினேன்.

“வண்டியில ஒரு பிழையும் இல்ல, தங்கச்சி. கால்லதான் பலம் போதாது. நல்லா மீனும் பாலும் எடுங்க, ஓட்ட ஓட்டச் சரியாகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அதிகமாகவே சிரித்தார். பரீனா சிரிக்கவில்லை. “சரி நானா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். எனக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை.

இங்கே நான் செய்த பிழைகளை நீங்களே எண்ணலாம். எஞ்சின் ஆறியிருந்தபோது பார்த்தேன். ஒரே ஒரு தரம்தான் பிரேக் பிடித்தேன். எங்கே, எத்தனையாவது தரம் மிதிக்கும்போது கட்டியாகிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இவையெல்லாம் தொழில் பிழைகள், திருத்திக்கொள்ளலாம். வாயால் செய்ததுதான் பெரிது. நம் ஊரில் டாக்டர் சொன்னதைக்கூட இன்னொருவரிடம் கேட்டுப் பார்ப்பார்கள். வண்டியைப் பற்றி பாஸ் சொன்னால் அதோடு முடிந்தது. நான் பகிடியாகச் சொன்னது அன்று பின்னேரமே மீன்வாடி வரைக்கும் போய்விட்டது. “பரீனாட கால்ல பலமில்லயாம், பாஸே சொன்னாராம்.” அடுத்த பத்து நாளும் அவள் காதுபட அதைச் சொன்னவர்கள் எத்தனை பேரோ.

பத்தாம் நாள், பள்ளி விட்டுப் பிள்ளைகளோடு வரும்போது நடந்தது அது. கற்பிட்டிக் கழுதைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. களப்பை ஒட்டிய வளைவு திரும்பியதும் வீதியின் நடுவே ஐந்தாறு கழுதைகள் நின்றன. ஹோன் அடித்தால் விலகுகிற சாதியா அது? அவள் மிதித்தாள். பெடல் அசையவில்லை. இரண்டு காலையும் வைத்து எழும்பி நின்று மிதித்தாள். வேன் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை வெட்டி வீதியோரத்து மணலுக்குள் விட்டாள். மணல் வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு பால் பல் விழுந்தது. அதுதான் மொத்தச் சேதம். கழுதைகள் இருந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தனவாம்.

பெற்றோர்கள் ஓடி வந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போனார்கள். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: “பாஸ் அண்டைக்கே சொன்னாரு. நாங்கதான் கேக்கல்ல. நாளைக்கிப் பள்ளி விட்டதும் வேற வேன் பேசுவம்.”

பரீனா அந்த வேனை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு என் கராஜுக்கு வந்தாள். நான் ஒரு ஜீப்பின் அடியில் படுத்துக் கிடந்தேன். அவள் செருப்பு மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

“நானா, வெளிய வாங்க.”

வந்தேன். அவள் முகத்தில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. நடந்ததை நாலு வசனத்தில் சொன்னாள்.

“இனி என்ட காலப் பத்தி யாரும் கதைக்க வாணாம். ஏறுங்க. எஞ்சின நிப்பாட்ட மாட்டன். நான் புள்ளைகள ஏத்துற மாதிரியே ஓட்டிக் காட்டுறன், பக்கத்துல இரிங்க.”

உண்மையைச் சொன்னால், எஞ்சினை நிறுத்தாமல் வந்தாளே, அந்த ஒரு விஷயத்திலேயே அவள் என்னைவிட நல்ல மெக்கானிக். பிழை சூட்டில் வருகிறது என்பது அவளுக்குப் பத்து நாளாகத் தெரியும். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் இளவட்டமாக இருந்தபோது எனக்குத் தொழில் பழக்கிய சிலாபத்துப் பாஸ் ஒருவர், சாவியைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்காரரைப் பிடித்து இருத்தி அரைமணி நேரம் கதை கேட்பார். வேலைக்குக் கள்ளம் அடிக்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அன்று வேனில் ஏறும்போது அவருடைய முகம் ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது.

போனோம். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெறும் வீதியில், பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தினாள். முதலாவது வாசல், இரண்டாவது, மூன்றாவது. பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. ஐந்தாவது வாசலில் அவள் உதட்டைக் கடித்தாள். ஏழாவதில் இருக்கையை விட்டுக் கொஞ்சம் எழும்பினாள். எட்டாவதில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு, “இப்ப நீங்க வந்து மிதிங்க” என்றாள்.

இடம் மாறி உட்கார்ந்து மிதித்தேன். கல். என் காலுக்கும் கல்தான். எனக்குத் தலைக்குள் ஒரு பல்ப் எரிந்தது போல இருந்தது. வெட்கம், பயம் எல்லாம் எங்கோ பறந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கும் ஆகப்பெரிய சந்தோஷம் அதுதான், தம்பிமாரே. ஒளிந்து விளையாடிய பிழை வாலைக் காட்டிவிட்டது. இனி விடுவேனா?

“நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டாதீங்க” என்று நானே கத்தினேன், எஞ்சினை நிறுத்த யாரும் கை வைக்காதபோது.

அந்த வேனில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கும். இடப்பக்கச் சீட்டைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. உறிஞ்சும் பம்ப் சுற்றுகிறது. பூஸ்டர் பக்கத்தில் காற்று ஒழுகும் சத்தம் இல்லை. பம்ப் நல்லது, பூஸ்டர் நல்லது, அப்படியானால் எங்கே? நான் காதை வைத்தும் கையை வைத்தும் தடவிக்கொண்டிருந்தேன். பரீனா சுற்றி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“நானா, இந்தப் பைப் என்னத்துக்கு?”

“பம்புல இருந்து பூஸ்டருக்குப் போறது.”

“காத்த ஊதுறதா, உறிஞ்சுறதா?”

“உறிஞ்சுறது.”

“அப்ப இதுக்கு இந்தப் பைப் போட ஏலாதே. பாருங்க, வளைவுல ஒட்டிப் போய்க் கிடக்கு. எங்கட தோட்டத்துல தண்ணி வெளிய போற பக்கத்துக்குத்தான் மெல்லிசு போடுவம். கிணத்துக்குள்ள எறங்குற பக்கத்துக்குத் தடிச்சது போடணும். இல்லாட்டி மிஷின் உறிஞ்சுற உறிஞ்சலுக்குச் சப்பையாகிப் போகும். சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் வளைகிற இடத்தில் அந்தக் கறுப்புப் பைப் காய வைத்த வாளைக் கருவாடு போலச் சப்பையாகக் கிடந்தது. ஆறியிருக்கும்போது உருண்டையாக இருக்கும். சூடாகி இளகியதும் உறிஞ்சலுக்கு ஒட்டிக்கொள்ளும். பூஸ்டருக்குள் சேர்த்து வைத்திருக்கும் உறிஞ்சல் ஐந்தாறு தரம் மிதிக்கும் வரை போதும். ஏழாவது எட்டாவது வாசலில் தீர்ந்துவிடும். அத்தனையும் கணக்காகப் பொருந்தியது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பரீனா கண்டுபிடித்துவிட்டாள் என்று வீதியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வாய் துடித்தது.

அப்போது அவள் கேட்டாள், “இது படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் வாற பைப் எல்லவா? யாரு இதக் கொண்டு வந்து வேனுக்குப் போட்ட?”

பைப்பின் இரண்டு முனையையும் செப்புக் கம்பியால் இறுக்கியிருந்தது. இரண்டு சுற்று, பிறகு ஒரு முறுக்கு, முனை உள்பக்கம் மடித்தது. கை கீறாமல் இருக்க அப்படி மடிக்கும் ஆள் எங்கள் பகுதியில் ஒருவர்தான். நான்தான்.

ஞாபகம் வந்துவிட்டது. அவள் கணவர் கட்டார் போவதற்கு முந்தின மாதம். பைப் வெடித்திருந்தது. சரியான பைப்புக்குக் கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அது வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நேரமாகிறது, அவரும் அவசரப்படுகிறார். நம் ஊர்க் கடையில் எதைக் கேட்டாலும் படகுச் சாமான்தான் இருக்கும். ரப்பர் பைப் என்றால் படகு பைப், கிளிப் என்றால் படகு கிளிப். நாமும் அதை எடுத்து லொறிக்கும் போடுவோம், ஓட்டோவுக்கும் போடுவோம், தண்ணீர் மோட்டருக்கும் போடுவோம். கடலுக்குத் தாங்குவது கரைக்குத் தாங்காதா என்று ஒரு நினைப்பு. அன்றும் அதையே போட்டேன். இது தற்காலிகம், பிறகு வந்து மாற்றுங்கள் என்று சொல்ல நினைத்தேன். பாங்கு சொல்லிவிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிட்டேன்.

கணவர் கட்டாரில். அந்தக் கம்பி முடிச்சைப் பார்த்து ஆள் சொல்ல வேறு யாருக்கும் தெரியாது. “எவனோ ஒரு மடையன்” என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சத்தியமாக நின்றது. முதல் எழுத்தைச் சொல்லியும் விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பரீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளுக்கு முன் இதே ஆளிடம், இதே வாயால், மீனும் பாலும் எடு என்று சொன்னவன் நான்.

“நான்தான் தங்கச்சி. நான் போட்ட பைப்.”

அவள் குனிந்து அந்தக் கம்பி முடிச்சை உற்றுப் பார்த்தாள்.  திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது எனக்கு.

“பைப்ப மாத்துங்க. நாளைக்கிப் பள்ளி விடுற நேரம் எல்லாரும் வருவாங்க. நீங்களும் வாங்க. கால்ல பலமில்ல எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்களே, இதையும் அப்பிடியே சொல்லணும்.”

சரியான பைப் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர மூன்று நாளாகும் என்றார்கள். இன்னொரு தற்காலிக வேலை செய்யும் துணிவு எனக்கு இல்லை. என் சொந்த வேனும் அதே இனம்தான். அதிலிருந்த பைப்பைக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்து வளைத்து வளைத்துப் பார்த்து, அவளுடையதில் போட்டேன். என் வேன் மூன்று நாள் கராஜில் சும்மா நின்றது. அதை விசாரித்தவர்களுக்கெல்லாம் காரணத்தையும் சொன்னேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் என் நெஞ்சு அடித்த அடி, வண்டியின் அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி சரிந்த அன்றுகூட அடிக்கவில்லை. பெற்றோர்கள் நின்றார்கள். வேறு வேன்காரர் ஒருவரும் வந்து ஒரு பக்கமாக நின்றார். பரீனா வெறும் வேனைப் பதின்மூன்று வாசலுக்கும் ஓட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

நான் சொன்னேன். படகு பைப்பைப் போட்டது நான், பிழையைப் பார்க்காமல் விட்டது நான், கால் என்று பகிடி விட்டதும் நான். பிள்ளைகளைக் காப்பாற்றியது அவள் வண்டியை ஓட்டிய விதம்தான் என்றும் சொன்னேன். 

மீன் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்டைக்கி வண்டி சரி, கால் பிழை எண்டு நீங்கதான் சொன்ன. இண்டைக்கி கால் சரி, பைப் பிழை எண்டு சொல்றீங்க. பாஸ், ஒங்கட எந்தப் பேச்ச நாங்க நம்புற?”

 நியாயமான கேள்வி. நிலத்தைப் பார்த்தேன்.

பரீனாதான் முதலாளியை அண்ணன் முறையில் கூப்பிட்டுப் பேசினாள். “அவர நம்ப வாணாம், காக்கா. நீங்க ஏறுங்க. ஒங்கட கால நம்புங்க.”

அவர் கொஞ்சம் தயங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

“முதல்ல கையால அமத்துங்க.”

குனிந்து கையால் அழுத்தினார். பெடல் சுகமாக உள்ளே போனது. அவர் முகம் மாறியது. மறுபடி அழுத்தினார், மறுபடி, பத்துத் தரத்துக்கு மேல் அழுத்தினார். ஒவ்வொரு தரமும் போனது.

பரீனா ஜன்னலுக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினாள்; உறிஞ்சலும் நின்றது. “இப்ப கால வச்சி நாலஞ்சி தரம் மிதிங்க.”

மிதித்தார். நாலாவதில் பெடல் நின்றுவிட்டது. ஐந்தாவதில் அவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மிதித்தார். அசையவில்லை. நல்ல தேகம் உள்ள மனிதர், ஐஸ் பெட்டி தூக்கிப் பழகியவர். வெட்கத்தில் இன்னொரு தரமும் மிதித்துப் பார்த்தார்.

“இதத்தான் காக்கா, நான் பத்து நாளா மிதிச்ச. ஒங்கட ரெண்டு புள்ளைகளையும் பின்னால வச்சிக்கொண்டு.”

 முதலாளி இறங்கினார். முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு மகள்மார் இருவரையும் பார்த்து, “ஏறுங்க” என்றார். பின்னால் மற்றப் பிள்ளைகளும் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். பல் விழுந்த பிள்ளைதான் முதலில் ஜன்னலோரத்தைப் பிடித்தது.

நான் மெல்ல நழுவப் பார்த்தேன். பரீனா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“எங்க போற, நானா? ஏறுங்க. பதின்மூணு வாசலும் இரிக்கி.”

ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாவது வாசல் வரும் வரை என் கண் வீதியைப் பார்க்கவில்லை, அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாவதில் அவள் செருப்பின் நுனியால் மட்டும் பெடலைத் தொட்டாள். வேன் பூப்போல நின்றது. ஒரு பிள்ளை இறங்கி, உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடியது.